கண்கட்டி அல்ல என்று தெரியப் பதினான்கு மாதம்

என் இடது கண்ணின் கீழ் இமையில் மிளகு அளவுக்கு ஒரு தடிப்பு வந்தது. அது என்னவென்று ஒருவர் உறுதியாகச் சொல்லி முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அத்தனை மாதத்தில் அது ஒரு நாள்கூட வலித்ததில்லை. வலித்திருந்தால் யாராவது கொஞ்சம் அவசரப்பட்டிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. வலி இல்லை என்று சொல்லும் நோயாளியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என் பெயர் சூசை. வயது ஐம்பத்தேழு. மலேசியாவில், மூவாரில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. கண்டெய்னரில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறதா, சாயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த நாற்காலியை ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன். முதலாளி தவுக்கே கத்துவார். கத்தட்டும். சந்தேகத்தோடு ஒன்றை அனுப்பி வைப்பது எனக்குப் பழக்கமில்லை. என்னைப் பார்த்த மருத்துவர்களிடமும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

முதலில் கவனித்தது என் மனைவி லில்லி.

"என்னாங்க, கண்ணுல என்னமோ தடிச்சிருக்கு."

"கண்கட்டி. ரெண்டு நாள்ல போயிடும்."

ஆக, அதற்கு முதல் தவறான பெயரை வைத்தது நான்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்ட வேண்டும்.

இரண்டு நாள் இரண்டு மாதம் ஆனது. லில்லியின் அக்கா நாமக்கட்டியை உரைத்துக் கொண்டுவந்து பூசினார். வெள்ளைப் பூச்சோடு மாதா கோயில் ஞாயிறு பூசைக்குப் போய் நின்றேன். நன்மை அப்பம் வாங்கும்போது சாமியார் என் கண்ணையே பார்த்தார். வேலையில் கூட இருக்கும் அஸ்மான், உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக ஒற்றச் சொன்னான். எல்லாம் செய்தேன். தடிப்பு மிளகிலிருந்து பட்டாணிக்குப் போயிற்று.

மூன்றாம் மாதம் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன். டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறது, கீறி எடுத்துவிடலாம் என்றார். பத்து நிமிட வேலை. உள்ளேயிருந்து வந்தது சீழ் இல்லை. நுங்குத் தண்ணீர் இறுகிப்போனது போல, வழுவழுவென்று இருந்தது. டாக்டரே ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு பஞ்சால் துடைத்துத் தட்டில் போட்டார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், பஞ்சோடு பஞ்சாக அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டதை என் வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வழுவழுப்புதான் முழு பதில். அது அன்று சாயங்காலமே குப்பை லாரியில் ஏறிப் போய்விட்டது.

நான்கு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வந்தது. அதே கிளினிக்குக்குப் போனேன்.

"திரும்ப வர்றது சகஜம் அங்கிள். இன்னொரு தரம் கீறிடலாம்."

லில்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டாள். அன்று எழுந்துவிட்டாள்.

"ஒரே இடத்துல ரெண்டு தடவ கிழிஞ்சா, தச்சவன் சரியில்ல, இல்ல துணி சரியில்ல. எதுன்னு பாக்காம திரும்பத் திரும்பத் தைக்கக் கூடாது டாக்டர். வாங்க, போலாம்."

கண் நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் கட்டியை வெட்டி, மருந்து ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு, மேலே என் பெயரை ஒட்டினார். திசுவை லேபுக்கு அனுப்பி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், அதுதான் பயாப்சி என்று விளக்கினார். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒருவர் அதை அனுப்பினார். நன்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. முடிவு வந்துவிட்டது, போனில் சொல்ல முடியாது, வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். வியாழக்கிழமை போனால் டாக்டர் விடுமுறை. "அலமாக், உங்களுக்கு யாரும் சொல்லலியா அங்கிள்?" என்று கவுண்டர் பெண் கேட்டாள். திங்கட்கிழமைவரை நானும் லில்லியும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். போனில் சொல்ல முடியாத முடிவு நல்லதாக இருக்காது என்று கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை.

திங்கட்கிழமை டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். மியூசினஸ் கார்சினோமா. சளி போன்ற ஒரு பொருளைச் சுரக்கும் புற்றுநோய். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. லில்லிதான் கேட்டாள்.

"கண்ணுல கேன்சரா டாக்டர்?"

"இமையிலம்மா. ஆனா இந்த மாதிரி கேன்சர் இமையில பொறக்கறது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் மார்புல, இல்லாட்டி குடல்ல வரும். அங்கேர்ந்து ரத்தத்துல இங்க வந்து உக்காந்திருக்கலாம்."

"அப்ப இது எங்கேர்ந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தேடணும்."

தேடுவதற்கு எங்களை ஜோகூர் பாருவிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். எங்கள் மகள் ஸ்டெல்லா அதன் பக்கத்தில் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் வீட்டில் தங்கினோம். ஒரே ஒரு கழிப்பறை உள்ள வாடகை வீடு. இது பிறகு முக்கியமாகப்போகிறது.

அங்கே என்னைப் பார்த்தவர் டாக்டர் ஃபைசால், இமை அறுவை சிகிச்சை நிபுணர். நிதானமான மனிதர். மலாயில், கையால் படம் போட்டுக் காட்டி விளக்கினார். கண் இமைத் தோலிலும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று கெட்டுப்போய் இந்தக் கட்டி அங்கேயே பிறந்திருந்தால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு வெட்டி எடுத்துவிடலாம். அநேகமாக அதோடு முடிந்துவிடும். வேறு எங்கிருந்தோ வந்ததாக இருந்தால், நோய் ஏற்கெனவே உடம்பில் பரவிவிட்டது என்று அர்த்தம். அப்போது இமையை வெட்டி லாபமில்லை. வேறு வைத்தியம், வேறு பேச்சு.

"ரெண்டுல எது டாக்டர்?"

நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்றார். அதனால் உடம்பு முழுவதும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

நான் முப்பது வருஷமாக மரத்தைப் பார்த்துச் சொல்கிறவன். இது ரப்பர் மரம், இது மேலே மரப் படம் ஒட்டிய பலகை என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒரு மனிதன் சாவானா பிழைப்பானா என்பதைச் சொல்லும் இரண்டு சாமான் ஒரே மாதிரி இருக்கும் என்று சொன்னால் கோபம் வருமா வராதா?

முதலில் குடல். கொலோனோஸ்கோபி என்றால், கேமரா வைத்த குழாயைப் பின்பக்கமாக விட்டுப் பெருங்குடல் முழுவதும் பார்ப்பது. முந்தின நாள் குடலைக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து கெட்டுப்போனது போன்ற ஒரு மருந்தை ஜக் ஜக்காகக் குடித்தேன். அன்று ஸ்டெல்லா வேலை முடிந்து வந்து கழிப்பறை வாசலில் நின்றாள்.

"அப்பா, இன்னும் எவ்ளோ நேரம்?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடையின் கழிப்பறைக்குப் போனாள். அன்று நான்கு முறை போய்வந்தாள். பெட்ரோல் போடாமலே அந்தக் கடையில் அவளுக்கு நல்ல அறிமுகம் ஆகிவிட்டது.

குடல் சுத்தம். அடுத்தது சிடி ஸ்கேன். நரம்பில் மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் போயிருக்காது என்று அங்கிருந்த மிஸ்ஸி முன்கூட்டியே சொன்னாள். அத்தனை பரிசோதனையிலும் முன்கூட்டி உண்மையைச் சொன்னது அந்த ஒரு மிஸ்ஸி மட்டும்தான். நுரையீரல், ஈரல், வயிறு எல்லாம் சுத்தம்.

பிறகு மார்பு. ஆணுக்கும் மார்பில் புற்றுநோய் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மேமோகிராம் எடுக்கும் இடத்தில் கவுண்டரில் கடிதத்தை நீட்டினேன்.

"இஸ்த்ரி மானா, பக்சிக்?" மனைவி எங்கே என்று கேட்கிறாள்.

எனக்குத்தான் என்றேன். அவள் கடிதத்தைப் படித்தாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவளும் படித்தாள். உட்காருங்கள் என்றார்கள். நாற்காலிகள் முழுக்கப் பெண்கள். நான் சுவரோரம் நின்றேன். ஒரு மலாய் அம்மாள் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். பயமா என்று கேட்டார். இல்லை, வெட்கம் என்றேன். சிரித்தார். தனக்கு ஒரு பக்கத்தை எடுத்துவிட்டதாகவும், மற்ற பக்கத்தைப் பார்க்க வந்திருப்பதாகவும் வானிலை சொல்வது போலச் சொன்னார். அதன்பிறகு என் வெட்கத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

உள்ளேயிருந்து மிஸ்ஸி கூப்பிட்டாள். "புவான் சூசை!"

புவான் என்றால் திருமதி. இரண்டாம் முறையும் அப்படியே கூப்பிட்டாள். எழுந்து போனேன். என்னிடம் இல்லாததை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தினார்கள். அது வலித்தது. இமைக் கட்டிக்காக எனக்கு உண்டான முதல் வலி அதுதான்.

மார்பும் சுத்தம். துள்ளிக் குதித்துக்கொண்டு டாக்டர் ஃபைசாலிடம் போனேன். எங்கேயும் இல்லை, அப்படியானால் இமையில்தானே பிறந்தது? அவர் தலையை ஆட்டினார். கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, சில நேரம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் என்றார். மருத்துவமனையின் நோய்க்கூறு மருத்துவர், அதாவது திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர், என் கட்டியை இன்னும் ஆழமாக அறுத்துச் சிறப்புச் சாயங்கள் போட்டுப் பார்க்க விரும்புகிறார். அதற்கு மெழுகுக் கட்டி வேண்டும்.

வெட்டிய திசுவை மெழுகில் பதித்து வைப்பார்களாம். அதிலிருந்துதான் இழை இழையாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பது. என்னுடைய மெழுகுக் கட்டி, மூவார் நிபுணர் அனுப்பிய மலாக்கா லேபில் இருந்தது. கடிதம் போட்டிருக்கிறோம், வரும் என்றார்கள்.

மூன்று வாரம் வரவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்தேன்: கடிதம் போயாச்சு. லேபுக்குப் போன் செய்தேன்: கடிதம் வரலை. மறுபடி மருத்துவமனை: ஃபேக்ஸ் போயாச்சு. மறுபடி லேப்: ஃபேக்ஸ் மெஷின் கெட்டுப்போய் ரெண்டு மாசம் ஆச்சு. நான் ஏற்றுமதிக் காகிதம் பார்த்துப் பழகியவன். காகிதம் தானாக நடக்காது. ஒருவன் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

மருத்துவமனைக் கவுண்டரில் போய் நின்றேன். "கடிதத்த என் கையில குடுங்க. நானே போய் எடுத்துட்டு வர்றேன்." முடியாது என்றார்கள். ஏன் என்றேன். அவர்களுக்கும் தெரியவில்லை. மேலே கேட்டு வந்தார்கள். முடியுமாம். மூன்று வாரம் நான் காத்திருந்தது, யாரும் மேலே கேட்காததால்தான்.

மலாக்காவில் ஐந்து நிமிடத்தில் கொடுத்தார்கள். கட்டைவிரல் நகத்தளவு மெழுகு, பிளாஸ்டிக் சட்டத்தில். நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி. அதுதான் நான் இத்தனை மாதம் சுமந்தது. லில்லி அதை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, காரில் ஏறி மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். வெளியே கொளுத்தும் வெயில்.

"ஏர்கான நல்லா வைங்க. மெழுகு உருகிடும்."

"உருகாது லா. அவ்வளவு சூடெல்லாம் பத்தாது."

"ஒங்களுக்குத் தெரியுமா? முன்ன போட்டவன்கூடத் தெரிஞ்ச மாதிரிதான் குப்பையில போட்டான்."

ஏர்கானை முழுவதும் திருப்பினேன். ஜோகூர் பாரு போய்ச் சேரும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நடுவில் ஓய்விடத்தில் நிறுத்தியபோதும் இறங்கவில்லை. என்னை மட்டும் போய்வரச் சொன்னாள். பல் கிட்டியது அவளுக்கு. ஆனாலும் குளிரைக் குறைக்க விடவில்லை.

மருத்துவமனை லேப் கவுண்டரில் அதை வாங்கிக்கொள்ள ஒரு பெண் மருத்துவர் வெளியே வந்தார். டாக்டர் கவிதா. என் கட்டியைப் பார்க்கப்போகிறவர் அவர்தான்.

"நீங்கதான் சூசையா? பேஷன்ட்டே தூக்கிட்டு வந்திருக்கீங்க!"

"யாரும் தூக்கலம்மா. அதான்."

அவர் சிரிக்கவில்லை. "சாரி அங்கிள். எங்க பக்கத்துத் தப்பு இது" என்றார். பதினான்கு மாதத்தில் ஒருவர் என்னிடம் சொன்ன முதல் சாரி. நான் தயாராக வைத்திருந்த சண்டையை அப்படியே விட்டுவிட்டேன். எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டேன். பத்து நாள் என்றார். ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்.

டாக்டர் ஃபைசாலின் அறையில் அவரும் உட்கார்ந்திருந்தார். கணினியில் ஒரு படம். இளநீல நிறத்தில் குளம் குளமாக, நடுவில் ஊதாநிறத் தீவுகள் மிதந்தன. குளம்தான் அந்தச் சளி, தீவுதான் புற்றுநோய் உயிரணுக்கள் என்றார் டாக்டர் கவிதா. இதைத்தான் முதலில் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அடுத்த படத்தைப் போட்டார்.

"ஆழமா வெட்டினப்ப இந்த ஓரம் கெடச்சுது. இங்க பாருங்க அங்கிள். இந்தக் கூட்டத்தச் சுத்தி பழுப்பா வரிசையா புள்ளி இருக்கா?"

"வேலி மாதிரி இருக்கு."

"அதேதான். வேர்வைச் சுரப்பியச் சுத்தி இயற்கையாவே இப்படி ஒரு வரிசை அணுக்கள் இருக்கும். கேன்சர் வேற எடத்துலேர்ந்து வந்து எறங்கியிருந்தா இந்த வேலி இருக்காது. இங்க வேலி அப்படியே இருக்கு, கேன்சர் அதுக்குள்ளயே ஆரம்பிச்சு, அப்புறமா ஒரு பக்கம் ஒடைச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கு."

"அப்படின்னா?"

"இது எங்கேர்ந்தும் வரல. உங்க இமையிலயே பொறந்தது."

லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். புற்றுநோய்தான் என்று சொல்லக் கேட்டு ஒரு மனிதன் சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "இதப் பாக்க மொத நாளே முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. மொத வெட்டுல வந்தத வச்சிருந்தா முடிஞ்சிருக்கலாம் என்றார். மழுப்பாமல் சொன்னார்.

அறுவைக்காக ஆறு நாள் வார்டில் இருந்தேன். முதல் நாள் இமையை மரத்துப்போகச் செய்து, கட்டி இருந்த இடத்தைச் சுற்றிலும் நல்ல தோலோடு வெட்டினார் டாக்டர் ஃபைசால். வெட்டிய ஓரங்களை டாக்டர் கவிதா பார்த்து எல்லாம் சுத்தம் என்று சொல்லும்வரை மூட மாட்டார்களாம். அதுவரை கீழ் இமை இல்லாத கண்ணில் களிம்பைக் கொட்டிக் கட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் செய்தி வந்தது: ஒரு ஓரத்தில் இன்னும் இருக்கிறது. மறுபடி அறுவை மேசை. ஐந்தாம் நாள்: சுத்தம். ஆறாம் நாள் மேல் இமையின் உள்பக்கத்திலிருந்து ஒரு துண்டை இறக்கி, கீழே வைத்துத் தைத்தார்கள். அந்தத் துண்டு கீழே வேர் பிடிக்கும்வரை ஐந்து வாரம் கண் மூடியே இருக்கும். லில்லி கிட்டே வந்து தையலைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்காரு. பொடித் தையல்."

அந்த ஐந்து வாரம் நான் நல்ல நோயாளியாக இல்லை. சோறு சூடில்லை, களிம்பு எரிகிறது, டிவி சத்தம் அதிகம், தொழிற்சாலையில் எனக்குப் பதிலாக வந்தவன் கீறல் உள்ள மேசையை அனுப்பிவிட்டானாம். எல்லாவற்றுக்கும் கத்தினேன். லில்லி வேளைக்கு வந்து களிம்பு போட்டாள். தையல் வேலையை வாங்காமல் திருப்பி அனுப்பினாள்.

ஐந்தாம் வாரம் டாக்டர் ஃபைசால் ஒட்டியிருந்த இமைகளை வெட்டிப் பிரித்தார். கண் திறந்தது. வெளிச்சம் குத்தியது, நீர் கொட்டியது, பிறகு மெல்லத் தெளிந்தது. கீழ் இமையில் ஒரு முடியில்லை. இனி வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், அதே இடத்தில் திரும்பி வரக்கூடியது என்றார்கள். வருகிறேன் என்றேன். இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் உடம்பிலிருந்து எதை வெட்டினாலும், அதை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். எரிச்சல்படுவார்கள். படட்டும்.

வெளியே வந்து கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். லில்லி எதிரே அமர்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். வளையல் முழங்கைப் பக்கம் சறுக்கிப் போயிற்று. தோளில் ரவிக்கை தொளதொளத்தது. தன் ரவிக்கையைத் தானே அளவெடுத்துத் தைக்கிறவள்.

"நீ ஏன் இவ்ளோ எளச்சுப்போயிட்டே?"

"இப்பதான் தெரியுதா?"

ஆமாம், அப்போதுதான் தெரிந்தது. இடது கண் திறந்ததால் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. வலது கண் ஒரு நாளும் மூடியிருக்கவில்லை.

கடைக்காரரைக் கூப்பிட்டு அவளுக்கு இரண்டு தோசை சொன்னேன். ஒன்று போதும் என்றாள். இரண்டும் வந்தது. அவள் கடைசித் துண்டைச் சாம்பாரில் தொட்டு வாயில் போடும்வரை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.